படிகத்திற்குள் ஒரு வரப்பு

(மைசூருவில் இயற்பியல் மாணவர்களும் அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சுவரைப் பற்றியது. அதன் கனம் ஓரிரு அணுக்கூடுகளின் அகலமே. ஆயினும் நாம் பயன்படுத்தும் மின்தேக்கியும், மருத்துவமனையில் கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் மீயொலிக் கருவியும், கடலடியில் ஒலியைத் தேடும் கருவியும் எவ்வாறு இயங்கும் என்பதை முடிவு செய்வதில் அச்சுவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஃபெர்ரோமின் படிகங்களில் அமையும் டொமைன் சுவர் என்று அதனை அறிவியலார் அழைக்கின்றனர்.

இப்பொருளைப் பற்றி மைசூருவில் பேசுவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. இந்நகரில்தான் 1935 ஆம் ஆண்டில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் இல்லத்தில் சிறு வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கி, ஆகாசவாணி என்னும் பெயரைப் புழக்கத்திற்குக் கொணர்ந்தார். உலகெங்கும் அக்காலத்து ஒலிவாங்கிகள் பலவற்றிலும், கிராமபோன் ஊசி பொருத்தும் தலைப்பகுதிகளிலும் ராஷல் உப்புப் படிகம் பயன்பட்டு வந்தது. காது கேளாதோர் அணிந்த கருவிகளிலும் அப்படிகமே ஒலியை மின்சாரமாக மாற்றியது. 1960-களின் நடுவில் இதே நகரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் தோன்றியது. ஆக, ஒலியும் படிகமும் இந்நகருக்குப் புதியவை அல்ல.

ராஷல் உப்பின் கதை

ராஷல் உப்பு அரிய பொருள் அன்று. நம் வீட்டுப் புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் லா ராஷல் நகரத்து மருந்தாளர் ஒருவர் இதனைப் பேதி மருந்தாகத் தயாரித்தார். 1880 ஆம் ஆண்டில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவரும், சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். அப்படிகங்களுள் ராஷல் உப்பும் ஒன்று.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1920 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் என்னும் இளைஞர் இப்படிகத்தில் விந்தையான ஒரு பண்பைக் கண்டார். மின்புலம் ஒன்றைச் செலுத்தினால் படிகம் மின்முனைவு பெறுகிறது. புலத்தை நீக்கிய பின்னும் அம்முனைவு எஞ்சி நிற்கிறது. எதிர்ப்புறமாகப் புலத்தைச் செலுத்தினால் முனைவும் திசை மாறுகிறது. இரும்பு காந்தத்தை ஏற்றுத் தக்கவைத்துக்கொள்வதைப் போன்றே இப்படிகம் மின்முனைவைத் தக்கவைத்துக்கொள்கிறது. இரும்புக் காந்தத்துடன் உள்ள இவ்வொப்புமையால் இத்தகைய பொருள்களுக்கு ஃபெர்ரோமின் பொருள்கள் என்னும் பெயர் நிலைத்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் இரும்பு சிறிதும் இல்லை.

ராஷல் உப்பு இப்பண்பைச் சுழியத்திற்குக் கீழ் 18 பாகை முதல் சுழியத்திற்கு மேல் 24 பாகை செல்சியஸ் வரை மட்டுமே காட்டும். மைசூருவின் குளிர்காலக் காலைப்பொழுது 24 பாகைக்குக் கீழேயும், நண்பகல் அதற்கு மேலேயும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே ஆய்வுக்கூடத்து மேசையின் மேல் வைத்த படிகம் காலையில் ஃபெர்ரோமின் பொருளாக இருந்து, நண்பகலில் அப்பண்பை இழந்துவிடும்! ஈரக்காற்றில் கரையும், வறண்ட காற்றில் தன் நீரை இழக்கும், 55 பாகையளவில் சிதையும் என்னும் குறைகளும் அதற்கு உண்டு. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் இத்தகைய படிகத்தை ஒரு குழந்தையின் செவிக்கருவியில் நம்பி வைப்பது எத்துணை இடர் மிக்கது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா, சோவியத் நாடு, ஜப்பான் ஆகிய மூன்றிலும் ஒன்றையொன்று அறியாமல் கண்டறியப்பட்ட பேரியம் டைட்டனேட் இவ்விடரைப் பெரிதும் நீக்கியது. இது நீரில் கரையாத பீங்கான். 120 பாகை வரை தன் பண்பைக் காக்கும். இன்றைய உரையின் எஞ்சிய பகுதிக்கு இப்படிகத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சுவர் ஏன் எழுகிறது?

பேரியம் டைட்டனேட்டின் அணுக்கூடு, 120 பாகைக்கு மேல் செவ்வையான கனசதுரம். எட்டு மூலைகளில் பேரியம், ஆறு முகங்களின் நடுவில் ஆக்சிஜன், கூட்டின் மையத்தில் டைட்டானியம். வெப்பம் குறைந்து 120 பாகைக்குக் கீழே வரும்போது, டைட்டானியம் மையத்திலிருந்து சற்றே விலகுகிறது. விலகும் தொலைவு ஓர் ஆங்ஸ்ட்ராமின் பத்தில் ஒரு பங்கு அளவே. கூடு அத்திசையில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் நீள்கிறது. நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் விலகியதால் கூடு ஒரு சிறு மின் இருமுனை ஆகிறது.

விலகக்கூடிய திசைகள் ஆறு: மேல், கீழ், இடம், வலம், முன், பின். எந்தத் திசையும் மற்றதைக் காட்டிலும் உயர்ந்ததன்று. படிகம் முழுவதும் ஒரே திசையைத் தேர்ந்தால் என்ன ஆகும்? மேல் முகம் முழுவதும் நேர்மின்னேற்றமும் கீழ் முகம் முழுவதும் எதிர்மின்னேற்றமும் படியும். அம்மின்னேற்றங்கள் படிகத்திற்குள்ளேயே எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்கி, தம்மைத் தோற்றுவித்த முனைவையே அழிக்க முற்படும். ஆகவே படிகம் தன்னைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பகுதியில் முனைவு மேல்நோக்கியும், அடுத்த பகுதியில் கீழ்நோக்கியும் அமையும்போது முகத்தின் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. ஒரே திசை கொண்ட இப்பகுதியே டொமைன். இரு டொமைன்களுக்கு இடையே உள்ள எல்லையே டொமைன் சுவர்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. சுவர் எழுப்புவதற்கும் ஆற்றல் செலவாகும். எனவே படிகம் தேவைக்கு மேல் சுவர் எழுப்புவதில்லை. முகத்து மின்னேற்றத்தால் வரும் இழப்பும் சுவரால் வரும் செலவும் சமநிலை அடையும் இடத்தில் டொமைனின் அகலம் அமைகிறது. அவ்வகலம் படிகத்தின் தடிமனுடைய வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் எனக் கணக்கிடலாம். தடிமன் நான்கு மடங்கானால் டொமைனின் அகலம் இரு மடங்காகும். காந்தப் பொருள்களுக்குக் கிட்டெல் 1946 ஆம் ஆண்டில் கண்ட இவ்விதியை, 1953 ஆம் ஆண்டில் மிட்சுயி, ஃபுருயிச்சி ஆகிய ஜப்பானிய அறிஞர்கள் ராஷல் உப்புக்குப் பொருத்திக் காட்டினர்.

சுவரின் அமைப்பு

பேரியம் டைட்டனேட்டில் சுவர்கள் இருவகை. முனைவுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக அமையும் இடத்தில் 180 பாகைச் சுவர். செங்குத்தாக அமையும் இடத்தில் 90 பாகைச் சுவர். இரண்டுமே மனம்போன போக்கில் நிற்பதில்லை. ஒரு டொமைனின் முனைவு சுவரில் முடியும் இடத்தில், மற்றதன் முனைவு அங்கிருந்தே தொடங்க வேண்டும். அஃதாவது தலையும் வாலும் பொருந்த வேண்டும். இதனால் 180 பாகைச் சுவர் முனைவுக்கு இணையாகவும், 90 பாகைச் சுவர் முனைவுக்கு 45 பாகைச் சாய்விலும் நிற்கின்றன.

இவ்விதி மீறப்பட்டால் விளைவது என்ன? தலையோடு தலை மோதினால் அச்சுவரில் நேர்மின்னேற்றம் குவியும். பேரியம் டைட்டனேட்டின் முனைவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 26 மைக்ரோகூலூம். இரு பக்கமும் சேர்ந்து 52. இதனை எலக்ட்ரான் கணக்கில் மாற்றிப் பார்த்தால், ஏறக்குறைய இரண்டு அணுக்கூடுகளுக்கு ஓர் எலக்ட்ரான் என்னும் அளவுக்கு மின்னேற்றம் சுவரில் அடர்ந்திருக்கும். வேறெங்கிருந்தாவது மின்னேற்றம் வந்து ஈடு செய்தாலன்றி அத்தகைய சுவர் நிலைத்து நிற்காது.

சுவரின் கனத்தைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. இரும்பில் காந்த டொமைன்களைப் பிரிக்கும் சுவர், நூற்றுக்கணக்கான அணுக்களின் அகலம் கொண்டது. அங்கே ஒவ்வோர் அணுவின் காந்தத் திருப்புத்திறனும் அளவில் மாறாது. திசையை மட்டுமே மாற்ற முடியும். அண்டை அணுக்களுக்கிடையே திடீரெனத் திசை மாறுவதற்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும். எனவே அவை சிறிது சிறிதாகத் திரும்பி, நெடுந்தொலைவில் முழுத் திருப்பத்தை முடிக்கின்றன. ஃபெர்ரோமின் படிகத்திலோ முனைவு என்பது அணுவின் இடப்பெயர்ச்சி. அது அளவில் குறையலாம்; சுழியமும் ஆகலாம். திரும்புவது மட்டும் கடினம். ஏனெனில் முனைவு திரும்பினால் கூட்டின் நீண்ட பக்கமும் கூடவே திரும்ப வேண்டும். ஆகவே முனைவு திரும்பாமல், சுருங்கிச் சுழியமாகி, மறுபுறம் எதிர்த்திசையில் வளர்கிறது. இம்மாற்றம் முழுவதும் ஓரிரு கூடுகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

1958 ஆம் ஆண்டில் சோவியத் அறிஞர் ஷிர்னோவ், 180 பாகைச் சுவருக்கு 5 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் வரையும், 90 பாகைச் சுவருக்கு 50 முதல் 100 ஆங்ஸ்ட்ராம் வரையும் கனம் இருக்கும் எனக் கணித்தார். 2002 ஆம் ஆண்டில் மேயர், வாண்டர்பில்ட் ஆகியோர் காரீய டைட்டனேட்டுக்கு அடிப்படை விதிகளிலிருந்தே கணக்கிட்டபோது, சுவரின் கனம் ஒரு கூட்டின் அளவே என்று கண்டனர். 2008 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யூலிக் ஆய்வகத்தார் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வாயிலாக, சுவரின் குறுக்கே ஒவ்வோர் அணுவரிசையும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை நேரில் அளந்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதுகோலால் இட்ட கணக்கு இவ்வாறு கண்ணால் காணும் காட்சியாயிற்று.

சுவர் எவ்வாறு நகர்கிறது?

படிகத்தின் முனைவைத் திருப்ப வேண்டுமானால், ஒரு டொமைன் வளர்ந்து மற்றது தேய வேண்டும். அதாவது சுவர் நகர வேண்டும். இங்கேதான் அறிவியலாரைத் திகைக்க வைத்த சிக்கல் எழுந்தது. 1957 ஆம் ஆண்டில் ரால்ஃப் லாண்டவர் ஒரு கணக்கிட்டார். குறையில்லாத படிகத்தின் உள்ளே எதிர்த்திசை கொண்ட புதிய டொமைன் ஒன்று கருக்கொள்ள வேண்டுமாயின், அறை வெப்பத்தில் அணுக்களுக்குக் கிட்டும் ஆற்றலைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு ஆற்றல் வேண்டும் என்று அக்கணக்கு கூறிற்று. கணக்கின்படி படிகம் திரும்பவே கூடாது. ஆய்வுக்கூடத்திலோ அது நாள்தோறும் திரும்பிக்கொண்டிருந்தது!

விடையின் ஒரு பாதி, கரு படிகத்தின் நடுவில் தோன்றுவதில்லை என்பது. மேற்பரப்பிலும், மின்வாய் ஒட்டிய இடத்திலும், குறைபாடுள்ள இடங்களிலுமே அது தோன்றுகிறது. மறு பாதியை 1960 ஆம் ஆண்டில் மில்லரும் வெய்ன்ரைக்கும் விளக்கினர். வருவாய்த் துறை அலுவலர்கள் இங்கே இருப்பீர்களாயின் எளிதில் புரிந்துகொள்வீர்கள். அண்டை நிலத்தை வளைக்க எண்ணும் ஒருவன் வரப்பு முழுவதையும் ஓரிரவில் பெயர்த்து நகர்த்துவதில்லை. ஒரு மூலையில் ஒரு மண்வெட்டி அளவு மட்டும் வெட்டுகிறான். பின்னர் அவ்வெட்டை இருபுறமும் நீட்டிக்கொண்டே போகிறான். படிகத்திலும் அவ்வாறே. ஏற்கெனவே நிற்கும் சுவரின் மேல் ஒரு கூட்டின் அளவுக்குச் சிறு மேடு ஒன்று முதலில் தோன்றுகிறது. அம்மேடு சுவரின் பரப்பெங்கும் பரவுகிறது. பரவி முடிந்ததும் சுவர் ஒரு கூட்டின் தொலைவு நகர்ந்துவிடுகிறது. பின்னர் அடுத்த மேடு.

மேடு தோன்றும் வாய்ப்பு மின்புலத்தைப் பொறுத்தது. அதுவும் அடுக்குக்குறி முறையில். தடையின் அளவுக்கும் புலத்துக்கும் உள்ள விகிதம் 10 எனக் கொள்வோம். புலத்தை இரட்டித்தால் சுவரின் வேகம் இரு மடங்காவதில்லை. ஏறக்குறைய 150 மடங்காகிறது. குறைந்த புலத்தில் சுவர் ஊர்வதும், சற்றே கூடிய புலத்தில் ஓடுவதும் இக்காரணத்தாலேயே.

ஆயினும் மில்லர், வெய்ன்ரைக் கணக்கிட்ட தடை, அளவீடுகள் காட்டியதைவிட உயர்வாகவே இருந்தது. 2007 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரேப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் காரீய டைட்டனேட்டின் அணுக்களைக் கணிப்பொறியில் இயக்கிப் பார்த்தனர். அம்மேட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இல்லை. மெல்லச் சரிந்து மங்கும் விளிம்பாக இருந்தது. அதனால் தடையும் கணிசமாகக் குறைந்தது. 1957 இல் எழுந்த கேள்விக்குத் தெளிவான விடையை நெருங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். கணக்கும் ஆய்வும் மாறுபடும்போது, இரண்டில் ஒன்றை மறைத்துவிடுவது எளிது. மாறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதே அறிவியல்.

தொழிலில் சுவரின் இடம்

இன்று அழுத்தமின் கருவிகளில் பெருவழக்காக உள்ளது காரீய சிர்கோனேட் டைட்டனேட் என்னும் பீங்கான். மீயொலிக் கருவியின் முனையிலும், நீரடி ஒலிக்கருவிகளிலும் அது பணி செய்கிறது. அழுத்தத்திற்கும் மின்சாரத்திற்கும் அது காட்டும் துலக்கத்தில் பெரும்பங்கு, அணுக்கூடு நீண்டு சுருங்குவதால் மட்டும் வருவதன்று; சுவர்கள் முன்னும் பின்னும் அசைவதால் வருவது. இதனைப் பயன்படுத்தியே தொழில்நுட்பர்கள் பொருளின் இயல்பை மாற்றுகின்றனர். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நையோபியம் சேர்த்தால் சுவர்கள் எளிதில் அசையும். நுட்பமாக உணரும் கருவிக்கு அது ஏற்றது. இரும்பு சேர்த்தால் சுவர்கள் ஓரிடத்தில் பிடிபட்டு நிற்கும். மிகுந்த ஆற்றலில் சூடேறாமல் உழைக்க வேண்டிய கருவிக்கு அது ஏற்றது.

சுவர் பிடிபடுவதே நோயாகவும் ஆகலாம். ஃபெர்ரோமின் நினைவகத்தில் முனைவின் இரு திசைகளே ஒன்று, சுழியம் என்னும் குறிகள். பிளாட்டின மின்வாய்கள் கொண்ட தொடக்ககால நினைவகங்கள், பல இலட்சம் முறை திருப்பப்பட்டதும் களைப்புற்றன. சுவர்கள் குறைபாடுகளில் சிக்கி நகர மறுத்தன. 1995 ஆம் ஆண்டில் ஸ்டிரான்சியம் பிஸ்மத் டான்டலேட் என்னும் பொருள் இக்களைப்பின்றி உழைப்பது வெளியிடப்பட்ட பின்னரே இத்துறை ஊக்கம் பெற்றது.

2009 ஆம் ஆண்டில் மற்றொரு வியப்பு. பிஸ்மத் ஃபெரைட் மின்கடத்தாப் பொருள். ஆனால் அதன் சில டொமைன் சுவர்கள் மின்சாரத்தைக் கடத்துவதைக் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கண்டறிந்தனர். அக்குழுவில் முதன்மையான பங்கு பெற்றவர், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பயின்ற இராமமூர்த்தி ரமேஷ். வேண்டிய இடத்தில் எழுப்பவும் வேண்டாதபோது அழிக்கவும் கூடிய, ஒரு நானோமீட்டர் கனமுள்ள மின்கம்பி என இச்சுவரைக் கருதலாம். இது இன்னும் ஆய்வுக்கூட நிலையிலேயே உள்ளது. நாளையே கடைக்கு வரும் என்று கூறி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை.

அலுவலர்களின் கவனத்திற்கு இன்னொன்று. மேற்கூறிய பீங்கானின் எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காரீயம். அதன் தூளைக் கையாளும் தொழிலாளியின் உடலுக்கும், தூக்கியெறிந்த கருவி சேரும் மண்ணுக்கும் அது கேடு. 2006 ஆம் ஆண்டு ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபோதும், ஈடான மாற்றுப் பொருள் இல்லாமையால் இப்பீங்கானுக்கு விலக்கு அளிக்க நேர்ந்தது. 2004 ஆம் ஆண்டில் ஜப்பானியர் காட்டிய பொட்டாசியம் சோடியம் நையோபேட் போன்ற பொருள்கள் நம்பிக்கை தருகின்றன. அவற்றின் சுவர்களைப் புரிந்துகொள்ளாமல் மாற்றுப் பொருளை உருவாக்க இயலாது.

நாம் செய்யக்கூடியது

இதற்கெல்லாம் பெரும் பொருட்செலவு வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1961 ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்ற சி. சந்திரசேகர், இங்கேயே திரவப் படிகங்களைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். அன்று அத்துறையை உலகில் பெரிதாகக் கருதியவர் சிலரே. 1971 இல் பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்ற அவர், 1977 இல் தம் துணைவர்களுடன் வட்டுவடிவ மூலக்கூறுகளால் ஆன புதுவகைத் திரவப் படிகத்தை உலகுக்கு அளித்தார். பாயும் நீர்மமே ஃபெர்ரோமின் பண்பைக் காட்டும் என்று 1916 இல் மாக்ஸ் போர்ன் கருதியது, 2020 ஆம் ஆண்டை ஒட்டியே உறுதியாயிற்று. அந்நீர்மங்களிலும் டொமைன்களும் சுவர்களும் உண்டு. மைசூருவில் ஊன்றிய வித்துக்கும் இன்றைய படிக இயற்பியலுக்கும் உள்ள உறவு இதுவே.

மாணவர்களுக்கு ஓர் எளிய ஆய்வைக் கூறி முடிக்கிறேன். ராஷல் உப்பின் நிறைகரைசலை மெல்லக் குளிரவைத்துப் படிகம் ஒன்றை வளர்த்துக்கொள்ளுங்கள். முனைவு அச்சுக்குக் குறுக்கே மெல்லிய தகடாக அதனை வெட்டி, ஈரத்துணியால் மெருகிடுங்கள். குளிர்ந்த காலைப்பொழுதில் முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். இருளும் ஒளியுமாக இணைக்கோடுகள் தோன்றும். அவையே டொமைன்கள், அவற்றின் எல்லைகளே சுவர்கள். பின்னர்த் தகட்டை இளஞ்சூடாக்குங்கள். 24 பாகையைத் தாண்டியதும் கோடுகள் மறையும்; ஆறவைத்தால் மீண்டும் தோன்றும். வாலசெக் மின்கருவியால் உணர்ந்ததை நீங்கள் கண்ணால் காண்பீர்கள்.

அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முதுநிலைக் கல்லூரியிலும் ஒரு முனைவொளி நுண்ணோக்கியும், படிகம் வளர்க்க வெப்பநிலை மாறாத ஒரு தொட்டியும் இருக்குமாறு செய்யுங்கள். இவ்வாண்டு கொடுத்த பணத்திற்கு இவ்வாண்டே பயன் எங்கே என்று கேட்கும் கணக்குமுறை பாலத்திற்கும் சாலைக்கும் பொருந்தும். வாலசெக்கின் படிகம் செவிக்கருவியாக மாற நெடுங்காலம் ஆகவில்லை. லாண்டவரின் கேள்விக்கோ அரை நூற்றாண்டு ஆயிற்று. எது விரைவில் பழுக்கும், எது தாமதிக்கும் என்பதை விதைக்கும்போது எவரும் அறியார். விதைப்பதை நிறுத்தினால் இரண்டுமே கிட்டா.